முதலில் காற்று, அப்புறம் கயிறு, விஞ்ச் கடைசியில்: ஆஃப்ரோடு கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன. நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் வண்டி வாங்கியாயிற்று, இனி அதில் என்ன மாட்டுவது? மைலேஜ், சர்வீஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டீசல் மகேந்திரா தார் எல்.எக்ஸ். வைத்திருக்கிறேன். வாரநாளில் ஆபீஸ், மாதத்தில் ஒன்றிரண்டு முறை நண்பர்களோடு தோட்டத்துப் பாதை, காய்ந்த ஆற்றுப்பக்கம் என்று போகிறோம். ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடையில் வண்டியை 2 இன்ச் உயர்த்துகிற லிஃப்ட், விஞ்ச் (மோட்டாரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கிற கருவி) வைத்த பம்பர், சேற்றுக்கான பெரிய மட் டயர் எல்லாம் சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?
— கே.ஆர்., உடுமலைப்பேட்டை

அந்த ஒரு லட்சத்தில் முக்கால்வாசி இப்போதைக்கு பேங்கிலேயே இருக்கட்டும். கடைக்காரர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட உங்களுக்கு உடனே தேவையில்லை.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தரைக்கும் வண்டிக்கும் இடையே 226 மி.மீ. இடைவெளி, முன்பக்கம் ஏறும் கோணம் 41.8 டிகிரி, பின்பக்கம் இறங்கும் கோணம் 36.8 டிகிரி, 650 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு நான்கு சக்கரத்தையும் ஓட்டுகிற ஃபோர் லோ கியர் இருக்கிறது. எல்.எக்ஸில் வருவது 255/65 ஆர்18 அளவு ஏ.டி. டயர், அதாவது ரோடும் மண்ணும் இரண்டுக்கும் பொதுவான டயர். நீங்கள் போகிற தோட்டத்துப் பாதைக்கும் மணலுக்கும் இது தாராளம். இந்த வண்டியால் முடியாத இடம் எது என்று நீங்களே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் அதை மாற்றத் தொடங்கினால், எதற்காக மாற்றினோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

முதல் செலவு காற்றுக்கு. ஒரு நல்ல பிரஷர் கேஜ், ஒரு நல்ல 12 வோல்ட் கம்ப்ரெஸர், இரண்டு போதும். ரோட்டில் 32 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிற டயரை மணலிலோ கரடுமுரடான கல்லிலோ 18, 20க்கு இறக்கினால் டயர் தரையில் பதிகிற நீளம் கூடும், வண்டியின் எடை அதிக இடத்தில் பரவும், கல்லின்மேல் டயர் துள்ளாமல் அதன் வடிவத்துக்கு வளைந்து உட்காரும். காசு செலவில்லாமல் கிடைக்கிற பிடிப்பு இது. எந்த மாடிஃபிகேஷனும் இந்த அளவுக்கு வித்தியாசம் காட்டாது. 15க்குக் கீழே மட்டும் சாதாரண ரிம்மில் போகாதீர்கள், வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வந்துவிடும். இறக்கின காற்றோடு வேகமாகவும் ஓட்டக்கூடாது. தார் ரோடு ஏறுவதற்கு முன்னால் திரும்ப அடித்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் டயரின் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். அதனால்தான் கம்ப்ரெஸர். சிகரெட் லைட்டர் பாயின்டில் சொருகுகிற சின்னது வேண்டாம், அந்தப் பாயின்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10, 15 ஆம்பியர்தான் தாங்கும், நான்கு பெரிய டயரை நிரப்ப அது போதாது. பேட்டரியில் நேரடியாக கிளிப் மாட்டுகிற வகையாக வாங்குங்கள், இன்ஜினை ஓடவிட்டு அடியுங்கள்.

இரண்டாவது கயிறு. இதில் மட்டும் விலை பார்க்காதீர்கள். சேற்றில் புதைந்த வண்டியை லாரி சங்கிலியாலோ, கிணற்றுக்கயிற்றாலோ, ரோட்டில் டோ பண்ணுகிற பட்டையாலோ வெடுக்கென்று இழுப்பது நம் ஊரில் சர்வசாதாரணமாக நடக்கிறது. அது உயிரை எடுக்கிற வேலை. இதற்கென்றே நைலானில் செய்த கைனெடிக் ரோப் அல்லது ஸ்னாட்ச் ஸ்ட்ராப் இருக்கிறது. அது 20, 30 சதவீதம் நீண்டு, அந்த இழுவிசையைத் தனக்குள் வாங்கி மெதுவாக விடும், வண்டியும் சேற்றை விட்டு வரும், சேஸிஸும் பிழைக்கும். வண்டி எடையைப்போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு அறும் வலு உள்ளதாக வாங்குங்கள், அதற்குமேல் போனால் அது நீளாமல் விறைத்து நிற்கும். கூடவே எடை அளவு அச்சிட்ட இரண்டு ஷாக்கிள், அதாவது கயிற்றை வண்டியோடு இணைக்கிற இரும்பு வளையம். 3/4 இன்ச் வில் வடிவ ஷாக்கிளில் பொதுவாக 4.75 டன் என்று பொறித்திருக்கும். அளவு பொறிக்காததைத் தொடவே வேண்டாம்.

எங்கே மாட்டுகிறோம் என்பது அதைவிட முக்கியம். டிரெய்லர் இழுக்கிற பந்துபோன்ற கொக்கியில் ஸ்ட்ராப்பை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் துப்பாக்கிக் குண்டுபோல எதிர் வண்டியின் கண்ணாடிக்குள் நுழையும், வெளிநாடுகளில் அப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். லாரியில் வண்டியை ஏற்றிக் கட்டுவதற்கென்று வைத்திருக்கும் வளையமும் இதைத் தாங்காது. எந்தக் கொக்கி இழுக்கத் தகுந்தது என்று உங்கள் மேனுவலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்ட்ராப்பை நடுவில் இரும்பு ஷாக்கிள் போட்டு இணைக்கவும் கூடாது. இழுக்கும்போது நண்பர்கள் செல்போனில் வீடியோ எடுக்கப் பக்கத்தில் நிற்பார்கள், முதலில் அவர்களைக் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அனுப்புங்கள்.

அப்புறம் ஒரு மம்பட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்கத் தடிமனான பலகை, தோல் கையுறை, முதலுதவிப் பெட்டி, நெற்றியில் மாட்டுகிற டார்ச். மம்பட்டியைத்தான் பலர் வாங்குவதில்லை, ஆனால் புதைந்த வண்டியை வெளியே எடுப்பதில் பாதி வேலை டயருக்கு முன்னால் இருக்கிற மண்ணை வாருவதுதான்.

இனி கடைக்காரர் சொன்னவை. லிஃப்ட் போட்டால் பாடி உயரும், பின் ஆக்சிலின் நடுவில் குடம்போலத் தொங்கும் டிஃபரன்ஷியல் உயராது. அது நிற்பது டயரின்மேல், ஸ்பிரிங்கின்மேல் இல்லை. கல்லில் முதலில் இடிப்பதும் அதுதான். தாரின் முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குகிற இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதைத் தூக்கினால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகள் எப்போதும் சாய்ந்தே சுற்றும், சீக்கிரம் தேயும், வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும். வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ் போகிற வண்டிக்கு இது நஷ்டம்.

விஞ்ச் நல்ல கருவிதான், எனக்கு அதன்மேல் எந்த வெறுப்பும் இல்லை. தனியாகக் காட்டு எஸ்டேட் பாதையில் தினமும் போய்வருகிறவருக்கு அது வேண்டும். நீங்கள் நண்பர்களோடு போகிறீர்கள், கூட வருகிற வண்டியே உங்களை இழுக்கும். விஞ்ச், அதைத் தாங்குகிற பம்பர் இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆள் எடையை எப்போதும் வண்டியின் மூக்கில் சுமப்பீர்கள், ஸ்பிரிங் இறங்கும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். நாளை வாங்குவதாக இருந்தால் வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையைப்போல ஒன்றரை மடங்கு திறன் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ, உருளையில் கயிற்றின் அடி அடுக்கு மட்டும் மீதி இருக்கும்போது கிடைக்கிற பலம். கயிறு நிறையச் சுற்றியிருக்கும்போது அது நிறையவே குறையும்.

மாருதி ஜிம்னிக்கு 235/75 ஆர்15 டயர் போடலாமா? பார்க்க அட்டகாசமாக இருக்கிறது, நண்பர் போட்டிருக்கிறார்.
— எம்.எஸ்., கோயம்புத்தூர்

பார்க்க நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். கம்பெனி டயர் 195/80 ஆர்15, அதன் முழு உயரம் சுமார் 693 மி.மீ. நண்பரின் டயர் 733 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே, கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரியது. இதில் உங்களுக்குக் கிடைப்பது ஆக்சிலுக்குக் கீழே 20 மி.மீ. கொடுப்பது அதிகம். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 105 பி.எஸ்.தான், அது சுழற்றவேண்டிய சக்கரம் பெரிதாகும், கனமும் ஆகும், மலை ஏற்றத்தில் ஒரு கியர் கீழே இறக்க வேண்டி வரும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 106 போவீர்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால் உள்பக்கம் உரசவும் வாய்ப்பு உண்டு.

215/75 ஆர்15 அளவில் ஏ.டி. டயர் போடுங்கள். உயரம் 703 மி.மீ. சொச்சம், ஒன்றரை சதவீதம்தான் கூடுதல், ஸ்பீடோமீட்டரும் பெரிதாகப் பொய் சொல்லாது. ஜிம்னியில் காசு போட்டு மாற்றத் தகுந்த ஒரே விஷயம் இந்த டயர்தான், ஏனென்றால் கூட வருவது ரோட்டுக்கான டயர், ஈரக் களிமண்ணில் அது வழுக்கும். மற்றபடி அந்த வண்டி முன்னும் பின்னும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங், ஃபோர் லோ எல்லாவற்றோடும்தான் வருகிறது. அதன் பெரிய பலமே எடை குறைவு. பம்பர், ராக், ஏணி என்று ஏற்றி அந்தப் பலத்தைத் தொலைத்துவிடாதீர்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள்.

வேளச்சேரியில் இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரும் பயம்தான். 2023 மழையில் பக்கத்து வீட்டுக் கார்கள் மிதந்ததைப் பார்த்தேன். என் எஸ்யூவிக்கு ஸ்நார்க்கல் போட்டால் வெள்ளத்தில் ஓட்டலாமா?
— ஜெ.பி., சென்னை

ஓட்டக்கூடாது. ஸ்நார்க்கல் செய்வது ஒரே ஒரு வேலை, இன்ஜின் மூச்சு இழுக்கிற வாயை மேலே தூக்குகிறது. இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதைத் தடுக்க ஸ்நார்க்கல் உதவும், சரி. ஆனால் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆல்டர்னேட்டர், வண்டியின் தரைக்கடியில் ஓடும் வயரிங், கண்ட்ரோல் யூனிட் எதையும் அது காப்பாற்றாது. ஃபோர்ஸ் கூர்க்காவில் கம்பெனியே ஸ்நார்க்கல் மாட்டிக் கொடுக்கிறது, கூரை உயரத்துக்கு வந்து நிற்கும். அப்படியிருந்தும் அந்தக் கம்பெனி சொல்கிற தண்ணீர் ஆழம் 700 மி.மீ.தான். ஏன் என்று யோசித்தால் உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

இன்னொன்று, ஓடுகிற தண்ணீர் வேறு கணக்கு. 30 செ.மீ. வேகமாக ஓடினாலே சின்ன காரை நகர்த்தும், 60 செ.மீ. இருந்தால் எஸ்யூவியையும் இழுத்துப் போகும். டயர் பெரிதாக இருந்தால் அதிலுள்ள காற்றும் சேர்ந்து தூக்கும். ரோட்டில் மூடி திறந்த மேன்ஹோல் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஸ்நார்க்கலுக்கு வைத்திருந்த பணத்தில் இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து கெட்ட இன்ஜினுக்குப் பெரும்பாலும் பணம் கிடைக்காது. மழை எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை மேடான இடத்தில் கொண்டுபோய் விடுங்கள், ஒருவேளை தண்ணீரில் நின்று அணைந்துவிட்டால் எவ்வளவு அவசரமானாலும் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், பல இன்ஜின்கள் உடைவது அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான். மெக்கானிக்கிடம் டிஃபரன்ஷியல் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள், பால்காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

மகன் புது ஸ்கார்ப்பியோவுக்கு முன்னால் பெரிய இரும்பு கார்டு போடவேண்டும் என்கிறான். மாடு குறுக்கே வந்தால் பாதுகாப்பு என்கிறான். போட விடலாமா?
— ஒரு தாய், திருச்சி

விடாதீர்கள் அம்மா. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இந்த கார்டுகளை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காரணம் அபராதம் வசூலிப்பது அல்ல. வண்டியின் முன்பகுதி மோதலில் நசுங்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள், நசுங்கும்போதுதான் அடியின் வேகம் குறைந்து உள்ளே இருப்பவர் பிழைக்கிறார். இரும்புக் குழாயை நேராகச் சேஸிஸில் வெல்டிங் செய்தால் அந்த நசுங்கல் நடக்காது, ஏர்பேக் சென்சாருக்குப் போகவேண்டிய அதிர்வும் மாறிவிடும், பை விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம். ரோட்டில் நடப்பவர்மேல் பட்டால் அவருக்கு இரும்பு அடி.

சட்டத்தையும் மகனிடம் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். மாட்டுக்குப் பயந்தால் ராத்திரியில் வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள்.

கூரையில் 50 இன்ச் எல்.இ.டி. லைட் பார் வேண்டுமா?
— வி., கூடலூர்

வேண்டாம். எதிரே வருகிறவர் கண் குருடாகும், பனியில் அந்த வெளிச்சம் உங்கள் முகத்துக்கே திரும்பி அடிக்கும், பானெட்டில் பட்டு வரும் பளபளப்பில் பள்ளமே தெரியாது. நீங்கள் இருக்கிற ஊரில் முதுமலை, பண்டிப்பூர் வழியாக ராத்திரி ஒன்பதுக்குமேல் போகவே விடமாட்டார்கள், அது யானைகள் நடக்கிற நேரம். அவற்றின் கண்ணில் அந்த வெளிச்சத்தை அடிப்பதை நினைத்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஹெட்லைட் கண்ணாடி மங்கியிருந்தால் மாற்றுங்கள், பீமின் உயரத்தைச் சரிசெய்யுங்கள், பனிக்கு மஞ்சள் ஃபாக் லைட் போதும்.

ஷார்ஜாவில் வேலை. பழைய பஜேரோ வாங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நண்பர்களோடு பிக் ரெட் என்கிற பெரிய மணல்மேட்டுப் பக்கம் போக ஆசை. ஊரில் எல்லோரும் மட் டயர்தான் சிறந்தது என்கிறார்கள். வாங்கிவிடவா?
— எஸ்.டி., ஷார்ஜா

வாங்காதீர்கள், உங்கள் மணலுக்கு அது நேர் எதிரி. மட் டயரின் பெரிய கட்டைகள் சேற்றை வாரி வெளியே எறிவதற்காகச் செய்தவை. காய்ந்த பாலைவன மணலில் அதே கட்டைகள் குழி தோண்டும், சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் வண்டி ஆக்சில் வரை உட்கார்ந்துவிடும். மணலில் தோண்டக் கூடாது, மிதக்க வேண்டும். ரோடு டயரோ தேய்ந்த ஏ.டி. டயரோ இருந்தாலே நல்லது, காற்றை 15 பக்கம் இறக்குங்கள், அங்கே ஓட்டுகிற எல்லோரும் முதலில் செய்வது இதுதான்.

நீங்கள் வாங்கவேண்டியது மூன்று: பேட்டரியில் மாட்டுகிற கம்ப்ரெஸர், அகலமான மம்பட்டி, மணல்மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் பார்க்கும்படி உயரமான கம்பத்தில் கொடி. மேட்டின் உச்சியில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்து மோதுவது அங்கே நடக்கிற விபத்து, கொடி அதற்காகத்தான். புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்கிற பற்கள் கொண்ட டிராக்ஷன் போர்டு இருந்தால் நல்லது, ஆனால் அதன்மேல் சக்கரத்தைச் சுழலவிட்டால் பிளாஸ்டிக் பற்கள் உருகிப் போகும், மெதுவாக ஏற்றுங்கள். விஞ்ச்சை யோசிக்கவே வேண்டாம், கட்டி இழுக்க அங்கே மரமே இல்லை. பழைய வண்டி என்பதால் ரேடியேட்டர், ஃபேன், கூலன்ட் ஹோஸ் மூன்றையும் மாற்றுவதில்தான் உங்கள் முதல் பணம் போகவேண்டும், மணலில் இன்ஜின் முழு மூச்சில் வேலை செய்யும். தனியாக மட்டும் போகாதீர்கள், தண்ணீர் ஆளுக்கு நான்கைந்து லிட்டராவது கையில் இருக்கட்டும்.

என்னிடம் ஃபோர் பை ஃபோர் இல்லை, பொலேரோதான். மலையடிவாரத்தில் ஏலக்காய், மிளகு. மழையில் தோட்டத்துக்குப் போகிற இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதையில் சிக்கிக்கொள்கிறது. வண்டியை விற்றுவிட்டு தார் வாங்கச் சொல்கிறார்கள் வீட்டில்.
— பி.எம்., போடிநாயக்கனூர்

விற்காதீர்கள், குறைந்தபட்சம் இந்த மழைக்காலம் வரை பொறுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பழைய மகேந்திரா ஜீப்புகள், மேலே லைட் பார் கிடையாது, முன்னால் விஞ்ச் கிடையாது. ஒவ்வொரு கல்லும் எங்கே இருக்கிறது என்று தெரிந்த டிரைவர்கள், முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஏற்றுகிறார்கள். உங்களுக்கும் பாதை ஒன்றுதான், தினமும் அதே இரண்டு கிலோமீட்டர். அது பெரிய சௌகரியம்.

பொலேரோவுக்குப் பின்சக்கரம்தான் இழுக்கிறது, பின்னால் எடை இல்லாவிட்டால் அது சுழன்றுகொண்டே நிற்கும். காலியாகப் போகும்போது பின் ஆக்சிலுக்கு நேர்மேலே இரண்டு மூன்று உர மூட்டையை அசையாமல் கட்டிவையுங்கள். டயர் மாற்றும் நேரம் வந்தால் கம்பெனி அளவிலேயே ஏ.டி. எடுங்கள், நான்கும் முடியாவிட்டால் பின்னால் இரண்டு மட்டுமாவது ஜோடியாக. செம்மண் ஏற்றத்துக்கு முன்னால் காற்றை 20க்கு இறக்கி, மேலே போய் சைக்கிள் பம்ப் மாதிரி மிதிக்கிற கால் பம்பில் அடித்தாலும் சரி, நேரம் ஆகும், அவ்வளவுதான். ஒரு மம்பட்டி, ஒரு ஸ்னாட்ச் ஸ்ட்ராப், ஜாக்கிப் பலகை வண்டியிலேயே இருக்கட்டும்.

மிச்சப் பணத்தைப் பாதையில் போடுங்கள். எந்த இடத்தில் சிக்குகிறது என்று உங்களுக்கே தெரியும், பெரும்பாலும் ஒரு பதினைந்து, இருபது மீட்டர்தான் இருக்கும். அந்த இடத்தில் மழைத்தண்ணீர் பாதையின்மேல் ஓடாதபடி மேல்பக்கமாக ஒரு வாய்க்கால் வெட்டி, சேற்றை வாரி எடுத்துவிட்டு உடைகல் கொட்டி, அதன்மேல் கிராவல் போட்டு டிராக்டரால் அமுக்குங்கள். ஒரு வாரம் வெயில் காயும்போது இந்த வேலையை முடித்துவிட்டால் ஐப்பசி மழையில் வித்தியாசம் தெரியும். அதற்குப் பிறகும் சிக்கினால் எந்த இடம், எவ்வளவு சரிவு என்று ஒரு போட்டோவோடு எழுதுங்கள், தார் வாங்குவதைப் பற்றி அப்போது பேசலாம்.